சம்பந்தியின் லீவு

மகனே,

நேற்று கூரியர்காரன் ஒரு பார்சலை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். இங்கிலாந்திலிருந்து வந்தது. அம்மாவுக்கு நீதான் ஏதோ அனுப்பியிருக்கிறாய் என்று சந்தோஷமாகக் கையில் எடுத்தேன். முதலில் பெட்டியைத்தான் பார்த்தேன். அட்டைப்பெட்டி வியாபாரியின் பழக்கம் அப்படி. மெல்லிய அட்டை, மூலை நசுங்கியிருந்தது, டேப்பை ஒரே ஒரு சுற்றுச் சுற்றியிருந்தார்கள். என் குடோனிலிருந்து இப்படி ஒரு பெட்டி கிளம்பினால் அல் ஐன் போய்ச் சேர்வதற்குள் வாயைப் பிளந்துவிடும். திறந்தால் உள்ளே ஓர் ஒட்டிக்கோ வேட்டி. நிச்சயதார்த்தத்துக்கு ரோஜர் சம்பந்திக்கு நாம் எடுத்துக் கொடுத்த அதே வேட்டி, துவைத்து மடித்து. மேலே ஒரு துண்டுச் சீட்டு. ‘மிக்க நன்றி. இனி இது எனக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும்.’ அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. துபாயில் மண்டபம் பேசியாகிவிட்டது, சமையல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது, உன் அம்மா மூன்று பட்டுப்புடவை எடுத்துவிட்டு நான்காவதற்கு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த நேரத்தில், பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டிய மனிதர் வேட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். உனக்கு போன் செய்யவில்லை. வரப்போகிற மருமகள் ஹெலனுக்குச் செய்தேன். அந்தப் பிள்ளை முதலில் ஒன்றுமில்லை என்றது. இரண்டாவது தடவை கேட்டதும் அழுதுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டின்போது நீ செல்போனை எடுத்து ரோஜரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாயாமே. இங்கிலாந்து ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியே போனது தப்பு என்றுதான் இப்போது பாதிக்கு மேற்பட்ட பேர் சொல்கிறார்கள், கருத்துக் கணிப்பைப் பாருங்கள் என்றாயாமே. கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, அவர் பிறந்தநாளுக்கு ஒரு தடவை, இது மூன்றாவது தடவையாம். வெளியே போகலாம் என்று ஓட்டுப் போட்ட மனிதர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, தன் வீட்டிலிருந்தே வெளியே போயிருக்கிறார். இப்போது, ‘இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் நான் முட்டாளாக உட்கார்ந்திருக்க வேண்டாம், நான் இல்லாமலும் கல்யாணம் நடக்கும்’ என்கிறாராம்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டில் கல்யாணக் களை கட்டியிருக்கிறது, எதைப் பார்த்தாலும் சிரிப்புத்தான் வருகிறது, பக்கத்துக் கடைக்காரன்கூட அழகாகத் தெரிகிறான். ஆனால் இதைப் போனில் சொன்னால், ‘சரிப்பா, நான் பாத்துக்கறேன்’ என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அதோடு, இத்தனை வருடமாக உன்னிடம் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். அதையும் இன்றைக்கு அவிழ்த்துவிடுகிறேன். அம்மாவிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது.

நீ அங்கே படிக்கப் போன புதிதில் அந்த ஓட்டெடுப்பு வந்தது. காமன்வெல்த் நாட்டுக்காரன் என்று உனக்கும் ஓட்டு உண்டு என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. துபாய் அல் கூஸுக்கு வந்த நாளிலிருந்து நான் எந்த நாட்டிலும் ஓட்டுப் போட்டதில்லை. என் பிள்ளை, ஊர் போய்ச் சேர்ந்து குளிர் சட்டை பழசாவதற்குள், ஒரு நாடு இருக்க வேண்டுமா போக வேண்டுமா என்று முடிவு சொல்கிறான்! குடோன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முடிவு வந்த அன்று நீ போன் செய்தாய். ‘அப்பா, தோத்துட்டோம்பா’ என்றாய். உன் குரல் அடைத்திருந்தது. நான், ‘அடடா, அப்படியா!’ என்றேன். என் குரலும் அடைத்திருந்தது. நான் உனக்காக வருத்தப்படுவதாக நீ நினைத்திருப்பாய். உண்மையைச் சொல்கிறேன், மகனே. என் வாயில் அப்போது ஒரு முழு லட்டு இருந்தது.

ஆமாம். வெளியே போகிற கட்சி ஜெயித்ததற்கு நான் குடோனில் லட்டு கொடுத்தேன். ஐரோப்பாக்காரனுக்குக் கதவைச் சாத்தினால் நம் ஆட்களுக்குக் கதவு திறக்கும், நம் சரக்குக்கும் வழி பிறக்கும் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன். அது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அதற்கு முன்னால் நான் நடத்திய கருத்துக் கணிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு ஒரு பெரிய அட்டையை எடுத்து நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம், வெளியே போவதற்கு அந்த ஊர்ச் சீட்டில் இருந்தபடியே ‘லீவு’, மறு பக்கம் ‘இருப்பு’ என்று மார்க்கரில் எழுதிக் குடோன் வாசலில் மாட்டினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் லீவுப் பக்கம் டிக் போட இடமில்லை. இருப்புப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. ‘பாத்தீங்களாடா, உலகமே ஒரு முடிவுலதான் இருக்கு’ என்று நான் குதித்தேன். ஸ்டோர்கீப்பர் செல்லத்துரையை உனக்குத் தெரியுமே, நம்ம சாத்தான்குளத்துக்காரன், அவன் டேப் ஒட்டிக்கொண்டே சொன்னான்: “அண்ணாச்சி, லீவுன்னு எழுதிப் போட்டு எங்ககிட்ட கேட்டா, எவன் டூட்டி பக்கம் டிக் அடிப்பான்? நான்லாம் ரெண்டு டிக் அடிச்சிருக்கேன். போன வருச லீவே எனக்குப் பாக்கி இருக்கு.”

நான் விளக்கினேன். இது அந்த லீவு இல்லையடா, ஒரு கூட்டத்தைவிட்டு ஒரு நாடு ஒரேயடியாகப் போவதா வேண்டாமா என்பது கேள்வி என்றேன். அவன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “அது லீவு இல்லல்லா அண்ணாச்சி, அது விசா கேன்சல்லா! லீவுன்னா ரிட்டர்ன் டிக்கெட் இருக்கணும், விசா உயிரோட இருக்கணும், திரும்பி வந்தா கட்டில் அங்கயே கெடக்கணும். ஒரேயடியா போறத போய் லீவுன்னு சொல்லி ஓட்டுக் கேக்கானுவளே, அந்த ஊர்க்காரங்க பாவம்.” எல்லோரும் சிரித்தோம். நான் அட்டையைக் கழற்றவில்லை. எனக்குச் சாதகமாக வந்த முடிவாயிற்றே, அது எப்படி வந்தால் என்ன?

யோசித்துப் பார், மகனே. அட்டையில் இருந்தது ஒரே சொல். ஆனால் ஒவ்வொருவனும் அதில் தன் தன் ஆசையைப் படித்தான். நீ செல்போனில் காட்டுகிற கணிப்புகளும் கொஞ்சம் அப்படித்தான். அன்றைக்கு ஒன்றைக் கேட்டதற்கு ஆளுக்கொன்றை நினைத்துப் பதில் சொன்னார்கள். இன்றைக்குப் பட்ட அனுபவத்தில் வேறு சொல்கிறார்கள். அதில் ரோஜர் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறார் என்று நீ அளந்து என்ன செய்யப்போகிறாய்?

இப்போது அந்த உள்காரணம். நாங்கள் அல் கூஸில் ஐந்து பேர் சேர்ந்து வெளிநாட்டிலிருந்து ஒரே கன்டெய்னரில் சரக்கு வரவழைத்துக்கொண்டிருந்தோம். அட்டைப்பெட்டி, டேப், பிளாஸ்டிக் கப் என்று ஆளுக்கொரு சரக்கு. ஒருவரால் நிரப்ப முடியாத கன்டெய்னரை ஐந்து பேரும் நிரப்புவோம். கீழக்கரை காசிம் பாய்தான் எங்களுக்குப் பெரியவர். என் பெட்டிகள் எடை இல்லாதவை, நசுங்காமல் இருக்க வேண்டும் என்று எப்போதும் உள்பக்கம் தனியாக அடுக்குவார்கள். அதனால் எப்போதும் கடைசியில்தான் இறங்கும். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. ஒருநாள் எல்லோர் முன்னாலும், “நான் என்ன ஒங்களுக்கு மிச்ச எடத்த நெரப்ப வந்தவனா?” என்று கத்தினேன். காசிம் பாய், “அண்ணாச்சி, சரக்கு நசுங்கக் கூடாதுன்னுதான உள்ள வைக்கோம்” என்றார். நான் “கலாஸ்”, எல்லாம் முடிந்தது, என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அது அந்த ஓட்டெடுப்புக்குச் சில மாதம் முன்பு. புரிகிறதா? நான் ஒரு கூட்டத்தைவிட்டு வெளியே வந்து தனியாக நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெரிய நாடும் அதையே செய்தால் எனக்குத் துணை கிடைத்த மாதிரி இருந்தது. லட்டு அதற்குத்தான்.

வெளியே வந்த மறுநாள் மார்க்கெட்டில் என் கையைப் பிடித்துக் குலுக்காத ஆள் இல்லை. ‘ஆம்பளய்யா நீரு’, ‘அவங்களுக்கு இது வேணும்’, ‘தனியா நின்னாத்தான் மரியாதை’. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ஆனால் என் சரக்கு கன்டெய்னரில் கால்பங்குதான் வந்தது. மீதி இடத்துக்கு முன்பின் தெரியாதவன் சரக்கோடு சேர்த்துப் போட வேண்டியதாயிற்று. ஒரு தடவை யாரோ ஒருவனின் ஊதுபத்தி மூட்டைகளோடு என் கேக் பெட்டிகள் வந்து சேர்ந்தன. அல் ஐனில் பேக்கரி வைத்திருக்கும் நம் நாகர்கோவில்காரர் போனில் கூப்பிட்டார். “அண்ணாச்சி, ஒம்ம பெட்டிய தெறந்தா கேக்க வெட்டத் தோணல, கன்னத்துல போட்டுக்கத்தான் தோணுது. சரக்கத் திருப்பி அனுப்புதேன்” என்றார். ஓமானில் சோஹாருக்குப் போன லாரி எல்லையில் இரண்டு நாள் நின்றது. முன்பெல்லாம் காசிம் பாயின் ஆள் காகிதங்களைச் சரிபார்த்து அனுப்புவான். நான் அனுப்பிய காகிதத்தில் ஒரு முத்திரை விட்டுப்போயிருந்தது. டிரைவர் மணிக்கு ஒரு தடவை போன் செய்து, ‘காகஸ் மாஃபி, சேட்’, காகிதம் இல்லை முதலாளி, என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லை என்பது என்ன என்று அன்றைக்குத் தெரிந்தது. ஒரு லாரி, ஒரு டிரைவர், பத்து டீ, ஒரு முத்திரை.

மார்க்கெட்டும் மாறிப்போயிற்று. கையைக் குலுக்கிய அதே ஆட்கள், ‘நாங்க அப்பவே நெனச்சோம்’ என்றார்கள். எந்த ‘அப்பவே’ என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அதில் எதிர்க்கடைக்காரர் ஒருவர். கெட்டவர் இல்லை. ஆனால் டீ குடிக்க வந்தால் ஏதாவது ஒரு செய்தியோடு வருவார். ‘அவங்க நாலு பேரும் புதுக் கன்டெய்னர் எறக்கிட்டாங்க, பாத்தீங்களா?’ ‘ஒங்க பழைய கஸ்டமர் அவங்ககிட்ட போயிட்டான், பாத்தீங்களா?’ அவர் சொன்னதெல்லாம் நிஜம். வெளியே வந்தது தப்பு என்று மூன்றாவது மாதமே எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு ‘பாத்தீங்களா’வும் என்னை இன்னும் ஒரு மாதம் வெளியே நிற்க வைத்தது. தெரிந்துதான் இருந்தேன், ஆனால் அவர் வாயால் தோற்க மனசு வரவில்லை. அப்படியே ஒரு வருடத்துக்குமேல் ஓடிவிட்டது. மகனே, ரோஜரின் தட்டுக்குப் பக்கத்தில் நீ வைத்த செல்போன் இருக்கிறதே, அதுதான் அந்த ‘பாத்தீங்களா’.

நான் திரும்பிப் போன கதையைக் கேள். கைட்ராலி ஒன்று இரவல் கேட்கிற சாக்கில் காசிம் பாயின் கடைக்குப் போனேன். என் குடோனிலேயே மூன்று ட்ராலி சும்மா நின்றுகொண்டிருந்தது. அது அவருக்கும் தெரியும். நாலு பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. காசிம் பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார்.

“வாங்க அண்ணாச்சி! லீவு முடிஞ்சிருச்சா?”

நான் வாசலிலேயே நின்றேன். அவர் விடவில்லை. “ஊர்ல மழையெல்லாம் எப்பிடி? வீட்ல எல்லாரும் சொகமா? ஏப்பா, அண்ணாச்சிக்கு ஒரு சுலைமானி டீ சொல்லு, பயணம் வந்த களைப்பா இருக்கும்ல.” நான் இருந்தது அடுத்த சந்தில். ஒரு வருடமாகத் தினமும் அவர் கடையைத் தாண்டித்தான் போய்வந்துகொண்டிருந்தேன். ஆனால் அந்த மனிதர் ‘லீவு’ என்று சொன்னாரே! கேன்சல் என்று சொல்லிவிட்டுப் போனது நான். அதை லீவாக மாற்றிப் பதிந்துகொண்டது அவர். வளைகுடாவில் லீவு முடிந்து வந்தவனிடம் யாரும் ஏன் போனாய் என்று கேட்பதில்லை. பெட்டியை வை, டீயைக் குடி, யல்லா, டூட்டிக்கு வா, அவ்வளவுதான். நானும், “மழைக்கென்ன பாய், நல்லாத்தான் பெய்யுது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஐந்து பேரும் சிரித்த சிரிப்பில் சுலைமானி மேஜையெல்லாம் சிந்திற்று.

வியாபாரி என்பதால் மீதியையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்தவனுக்குப் பழைய இடம் அப்படியே கிடைக்கவில்லை. நான் இல்லாத நேரத்தில் அவர்கள் புதிதாகச் சில விதிகள் வைத்திருந்தார்கள்; அதற்கெல்லாம் தலையாட்டினேன். என் பெட்டிகள் இன்றைக்கும் கன்டெய்னரின் உள்பக்கம்தான் இருக்கின்றன, கடைசியில்தான் இறங்குகின்றன. ஆனால் ஒன்றுகூட நசுங்குவதில்லை, ஊதுபத்தியும் மணப்பதில்லை. இங்கிலாந்து திரும்பப் போகுமா, போக வேண்டுமா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அது அந்த ஊர்க்காரர்கள் பாடு. நான் பேசுவது உன் மாமனாரைப் பற்றி மட்டும்தான்.

அவரை உனக்குச் சரியாகத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். போன குளிருக்கு நிச்சயதார்த்தத்துக்கு வந்தாரே, நீயும் ஹெலனும் நகை பார்க்கப் போன இரண்டு நாளும் அவர் எங்கே இருந்தார் தெரியுமா? என் குடோனில். முதல் நாள் ஆபீஸ் சுவரைப் பார்த்தார். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பிக் கிடந்தது. ஆயுசு முழுக்க வீடுகளுக்கு பெயின்ட் அடித்த மனிதர், சும்மா இருப்பாரா? “ஸ்கிரேப்பர் இருக்கிறதா?” என்று கேட்டார். அடுத்த பத்தாவது நிமிடம் செல்லத்துரையும் அவரும் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பாதிச் சுவர் முடிந்தது. மீதியைக் கல்யாணத்துக்கு வரும்போது முடிப்பேன் என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்தார்.

அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் அவர் என்னிடம் பேசினார். தான் ஏன் அப்படி ஓட்டுப் போட்டார் என்று நானாகக் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். வெளியிலிருந்து மலிவுக்கு ஆள் வந்து தன் கூலி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டதாம். போய்ச் சொன்னால் கேட்க ஒருவரும் இல்லையாம். ஒரு நாள் ஒரு சீட்டைக் கொடுத்து உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார்களாம். முதல் தடவையாக யாரோ கேட்கிறார்களே என்று போட்டாராம். எனக்கு நன்றாகப் புரிந்தது, மகனே. ஏனென்றால் அவர் எரிச்சல்பட்ட அந்த மலிவான ஆள் நான்தான். இதே அல் கூஸில், எனக்கு முன்னால் சுமை தூக்கிக்கொண்டிருந்தவர்களைவிடக் குறைந்த கூலிக்குத் தலையாட்டி உள்ளே வந்தவன் நான். அதை அவரிடம் சொன்னேன். அவர் பிரஷை என் கையில் கொடுத்து, “அப்படியானால் கீழ்ப்பக்கத்தை நீங்கள் அடியுங்கள்” என்றார். அதன்பிறகு சுவரைப் பார்த்தபடி இன்னொன்றும் சொன்னார். பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள் என்றும் சொன்னார். சொல்ல மாட்டேன் என்றேன், அதனால் சொல்லவில்லை. நீ மூன்று தடவை செல்போன் காட்டியிருக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இரண்டாவது நாள்தான் கூத்து. கல்யாண மணையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும் என்று செல்லத்துரை சொல்லிவிட்டான். மனிதர் சரக்கு அடுக்கும் மரப் பல்லெட்டின்மேல் ஏறி உட்கார்ந்து பழகினார். ஒரு முட்டி இறங்கினால் மறு முட்டி ஏறுகிறது. எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு முட்டியைப் பிடித்துக்கொண்டு, ‘ஸ்லோ, பாய், ஸ்லோ’ என்கிறார்கள். வேட்டியை வேறு பேன்ட்டுக்கு மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் செல்லத்துரை தன் அரைகுறை இங்கிலீஷில் அந்த லீவு கதையை அவருக்குச் சொன்னான். இங்கே லீவு என்றால் திரும்பி வருவது, கேன்சல் என்றால்தான் போய்விடுவது என்று. ரோஜர் பல்லெட்டிலிருந்து சரிந்து விழுகிற அளவுக்குச் சிரித்தார். “என் நாட்டில் இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா!” என்றார். ஊருக்குக் கிளம்பும்போது செல்லத்துரையிடம் என்ன சொல்லிவிட்டுப் போனார் தெரியுமா? “நான் லீவில்தான் போகிறேன், கேன்சல் இல்லை.”

அதனால் இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தோடு அந்த வேட்டியும் வருகிறது. நல்ல கனமான பெட்டியில், நானே டேப் சுற்றி அனுப்பியிருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை நீ மட்டும் அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போ. ஹெலன் வேண்டாம்; மகள் முன்னால் அவர் இறங்கி வரச் சங்கடப்படுவார். செல்போனைக் காரிலேயே வைத்துவிடு. மன்னிப்புக் கேட்கிறேன் என்று நீளமாக ஆரம்பிக்காதே. அதற்குப் பதில் சொல்ல அவரும் ஏதாவது ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டிவரும், அது வேண்டாம். கொஞ்ச நேரம் கழித்து என் லட்டுக் கதையைச் சொல். நீ தோற்றுவிட்டோம் என்று அழுத அன்றைக்கு உன் சொந்த அப்பா ஊரைக் கூட்டி லட்டு கொடுத்தார் என்று சொல். இரண்டு குடும்பத்திலும் அந்தப் பக்கம் நின்றது அவர் ஒருவர் மட்டும் இல்லை என்று அவருக்குத் தெரியட்டும். உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும், அவர் முன்னாலேயே என்னைத் திட்டு. அவர் எனக்காகப் பரிந்து பேசுவார் பார்.

ஆனால் அதெல்லாம் அப்புறம். முதலில் கதவைத் தட்டு. அவர் திறப்பார், முகத்தை இறுக்கமாக வைத்திருப்பார். வேட்டியை நீட்டு. ஒரே ஒரு கேள்வி கேள்: “ரோஜர், லீவு முடிஞ்சிருச்சா?”

அவருக்குப் புரியும். நேற்று செல்லத்துரை அந்தப் பென்சில் கோட்டுக்குப் பக்கத்திலிருந்த பெட்டிகளை நகர்த்திவிட்டு, பிரஷ்களைக் கழுவிக் காயப்போட்டுவிட்டான். பாதிச் சுவர் அப்படியே நிற்கிறது. டூட்டியில் வந்து சேரச் சொல்.

உன் அப்பா